நூற்று முப்பத்தேழாம் கட்டம்

ஆசிரியைக்கு முப்பத்தெட்டு வயது. மாணவருக்கு நாற்பத்தேழு.

இதில் யாருக்கும் சங்கடம் இல்லை, மாணவரைத் தவிர. அவர் பெயர் திருமலைக்கொழுந்து. தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளைப் பார்த்து "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் தானே படிக்கப் போவதாக மூன்று வருட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். மகளும் அதே வருடம் கல்லூரியில் சேர்ந்ததால், அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே கடையில் பை வாங்கினார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தது மலைமேல் இருக்கும் ஒரு வானியல் ஆய்வு நிலையம். வழிகாட்டியாக வாய்த்தவர் முனைவர் ஹெப்சிபா. வானியல் என்றால் விடிய விடியக் கண்விழிப்பு என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கெங்கோ இருக்கும் தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் கம்ப்யூட்டரில் வந்து கிடக்கும். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு முதுகுவலியோடு எழுந்திருக்கலாம்.

வேலை இதுதான். கேலக்ஸிகள் தனியாகவும் இருக்கும், நூற்றுக்கணக்கில் கூடியும் இருக்கும். கூடி இருப்பதைக் கொத்து என்பார்கள். ஒரு கொத்தை இரண்டு விதமாகப் பிடிக்கலாம். சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் கேலக்ஸிகளை எண்ணிப் பார்க்கலாம். அல்லது அவற்றுக்கு நடுவே நிறைந்திருக்கும் வாயுவைத் தேடலாம். பல கோடி டிகிரி சூட்டில் கிடக்கும் அந்த வாயு எக்ஸ்ரேயில்தான் ஒளிரும். செயற்கைக்கோள் எடுத்த எக்ஸ்ரே படத்தில், ஈரக்கை பட்ட சுவர் மாதிரி ஒரு திட்டாகத் தெரியும்.

ஹெப்சிபா வானத்தின் ஒரு பகுதியை இருநூற்றுப் பத்துக் கட்டங்களாகப் பிரித்திருந்தார். ஒளிப்படங்கள் கொழுந்துக்கு. அதே கட்டங்களின் எக்ஸ்ரே படங்கள் ஷமீமாவுக்கு. ஷமீமா கீழக்கரைப் பெண், இருபத்தாறு வயது, அவளும் ஆய்வு மாணவி. ஒரே அறையில் முதுகுக்கு முதுகு காட்டி இரண்டு பேரின் மேஜைகளும் இருந்தன. ஆனால் ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. எந்தக் கட்டத்தில் என்ன தெரிந்தது என்று வாய்தவறியும் பேசக் கூடாது. எல்லாம் முடிந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பட்டியலையும் சேர்த்துத் திறப்பார்கள். எண்ணியவருக்கும் கொத்து, வாயுவைப் பார்த்தவருக்கும் கொத்து என்றால் அது கொத்து.

போதாததற்கு, இரண்டு பேரின் படங்களிலும் கம்ப்யூட்டர் ஆங்காங்கே போலிக் கொத்துகளைச் சொருகி வைத்திருந்தது. வானத்தில் இல்லாதவை; ஒருவர் படத்தில் சொருகியது மற்றவர் படத்தில் இருக்காது. பார்க்கிறவர் கண் எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு விடுகிறது என்று பின்னால் அளப்பதற்காக. எவை போலி என்ற பட்டியல் ஒட்டிய கவரில் அலமாரிக்குள் இருந்தது.

முதல் ஒன்றரை வருடம் பாடத்திலும் பரீட்சையிலும் போனது; கட்டங்களைக் கையில் கொடுத்த முதல் வாரமே கொழுந்து கேட்டுவிட்டார். "எங்க ரெண்டு பேரையும் சந்தேகப்படுறீங்களா மேடம்?"

"ஆமா சார்" என்றார் ஹெப்சிபா.

கொழுந்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னையும்தான். அந்தக் கவர்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட நான் பேசுற தொனியிலேயே நீங்க கண்டுபிடிச்சிருவீங்க."

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகப்படுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாரே என்பதுதான் கொழுந்துவின் மனதில் தங்கியது. மீதியெல்லாம் மறந்துபோனது.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. கொழுந்து பொறுமைசாலி. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திய கண். ஒவ்வொரு கட்டத்திலும் மங்கல் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிறத்தை வைத்துத் தூரத்தை உத்தேசித்து, இது கொத்தில் சேரும், இது சேராது என்று குறித்தார். எல்லாப் புள்ளியும் நல்லபடியாகப் பேசாது. இந்தப் பக்கமும் போடலாம், அந்தப் பக்கமும் போடலாம் என்று சில எப்போதும் இழுத்துக்கொண்டு நிற்கும். அவற்றைத் தயங்காமல் தள்ளிவிடுவார்.

அதன்பின்தான் வந்தது.

ஒருநாள் அவர் அறைக்குள் நுழைந்தபோது ஷமீமா திரையைச் சட்டென்று அணைத்தாள். விதிப்படி அணைக்கத்தான் வேண்டும். அதுவரை நூறு முறை அணைத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அது அவருக்குத் தைத்தது. மறுவாரம் அவள் ஹெப்சிபாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினாள். அதற்கடுத்து கேன்டீனில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், இவர் தட்டோடு போனதும் சிரிப்பு நின்றது. அவள் தன் கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை மாற்றினாள். இவர் நமஸ்காரம் சொன்னதற்கு ஹெப்சிபா தலையை மட்டும் அசைத்தார்.

கொழுந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தேதி, நேரம், நடந்தது என்று மூன்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். ஆய்வாளர் அல்லவா, எதையும் குறிப்பில்லாமல் சொல்லக் கூடாது.

நோட்டில் எழுத எழுத விஷயம் தெளிவாகிக்கொண்டே வந்தது. ஷமீமாவுக்குப் பெரிதாக ஏதோ கிடைத்திருக்கிறது. ஹெப்சிபாவுக்கு அது தெரியும். விடுப்பு முடிந்து ஊருக்குப் போகப்போகிற வயதான வாத்தியாரை விட்டுவிட்டு, இரண்டு பேருமாக அதைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்ளப் போகிறார்கள். வீட்டுக்கு போன் செய்தபோது மனைவி பகவதியிடம் சொன்னார். "அவங்கதான அட்மிஷன் குடுத்தாங்க, அப்புறம் ஏன் அப்படிச் செய்யணும்?" என்று பகவதி கேட்டாள். அன்று முதல் பகவதியிடமும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி மூன்றாம் வாரம், தன்னுடைய தாளை எடுக்க பிரின்டரிடம் போனார். தட்டில் வேறொரு தாள் கிடந்தது. ஷமீமாவுடையது. எக்ஸ்ரே படம். மேலே 137 என்று எண். நடுவே நல்ல பிரகாசமான ஒரு திட்டு. அதைச் சுற்றிப் பேனாவால் மூன்று வட்டம். படத்தில் எழுதிவிட்டு மறுபடி நகலெடுக்கத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்படி நேர்ந்தால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அது விதி. கொழுந்து இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகுதான் கவிழ்த்து வைத்தார்.

தன் இடத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தார். நூற்று முப்பத்தேழாம் கட்டத்துக்கு எதிரே எட்டு மாதத்துக்கு முன்பு அவரே எழுதியிருந்தார்: ஒன்றுமில்லை.

இவ்வளவு பெரிய கொத்தை எப்படி விட்டேன் என்று ஒரு பதற்றம். இதைத்தான் மறைக்கிறார்கள் என்று ஒரு ஆத்திரம். படத்தைத் திறந்து மறுபடி எண்ணினார். இந்த முறை தெரிந்தது. முதலில் பளிச்சென்று பதினொன்று. பிறகு கண் பழகப் பழக, முன்பு இழுத்துக்கொண்டு நின்ற புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மொத்தம் நாற்பத்து மூன்று. பட்டியலைத் திருத்தினார். கொத்து உண்டு, நாற்பத்து மூன்று கேலக்ஸிகள், நம்பிக்கை: மிக அதிகம்.

தன் பங்கு இனி யாரும் தட்டிப் பறிக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தது. அன்று கேன்டீனில் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திறப்பு. ஹெப்சிபா ஒரு பிளாஸ்க் நிறைய டீயும், கேன்டீனிலிருந்து வடையும் வரவழைத்திருந்தார். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு பட்டியல்களும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. முதல் வேலை போலிகளை அடிப்பது. ஹெப்சிபா கவரைக் கிழித்தார்.

கொழுந்துவின் படங்களில் இருந்த போலிகளை முதலில் படித்தார். பிறகு ஷமீமாவினுடையவை. "பன்னிரண்டு. ஐம்பத்தெட்டு. தொண்ணூற்று நாலு. நூற்று முப்பத்தேழு."

"நினைச்சேன்" என்றாள் ஷமீமா. "அது ரொம்ப உருண்டையா இருந்துச்சு மேடம். நெசக் கொத்து அவ்வளவு வடிவா இருக்காது. மூணு தடவை வட்டம் போட்டுப் போட்டுப் பார்த்தேன்."

சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவால் அதை அடித்தாள். அடித்தபின் பக்கத்துப் பட்டியல் அவள் கண்ணில் பட்டது. பேனாவை மூடாமல் நின்றாள்.

கொழுந்து தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சுட்டன.

"தற்செயலா இருக்கும் மேடம்" என்றாள் ஷமீமா. "சார் பக்கம் நெசமாவே ஒண்ணு இருந்து, அது மேலயே கம்ப்யூட்டர் போலியப் போட்டிருக்கும்."

அவள் அவருக்காகப் பேசினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கொழுந்துவுக்கு இருந்தது.

"இருக்கலாம்" என்றார் ஹெப்சிபா. எழுந்து போய் இரண்டு பட்டியலிலும் கொத்தின் நடுப்புள்ளி எங்கே என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். நிஜமான கொத்துகளில்கூட, கேலக்ஸிகளின் நடுவும் வாயுவின் நடுவும் கொஞ்சமாவது விலகித்தான் இருக்கும். இங்கே மயிரிழைகூட விலகவில்லை. ஹெப்சிபா திரும்பி வந்து உட்கார்ந்தார். "டீ ஆறுது, குடிங்க" என்றார். மற்றக் கட்டங்களை அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கொழுந்து ஹெப்சிபாவின் அறைக்குப் போனார். அவர் உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை.

"பார்த்துட்டேன் மேடம். பிரின்டர்ல கிடந்தது. கவுத்து வைக்காம பார்த்துட்டேன்."

"சரி."

"ஆனா பொய் எழுதல. நாப்பத்து மூணும் அங்க இருக்கு. ஒண்ணுகூட நானா போடல."

"இருக்கு சார். நானும் எண்ணிப் பார்த்தேன்."

ஹெப்சிபா மேஜைமேல் இருந்த படக்கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். கொழுந்துவின் படங்களில் ஒன்று. அவர் ஒன்றுமில்லை என்று எழுதிய கட்டம். அதை விரித்து வைத்து, செல்லோடேப் தீர்ந்துபோன அட்டை வளையம் ஒன்றைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தாள்மேல் போட்டார். அது உருண்டு ஓர் ஓரத்தில் படுத்தது.

"இதுக்குள்ள ஒரு கொத்து இருக்கு சார். எத்தனைன்னு சொல்லுங்க."

கொழுந்து புரியாமல் பார்த்தார். பிறகு குனிந்து எண்ணினார். நேரம் பிடித்தது. "முப்பத்தொன்பது."

ஹெப்சிபா மறுபடி கண்ணை மூடி, வளையத்தை வேறோர் இடத்தில் போட்டார். கொழுந்து மறுபடி எண்ணினார். நாற்பத்தாறு. சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த நாற்பத்தாறில் ஒன்று முன்னால் நிற்கிறது, ஒன்று அதற்குக் கோடிக்கணக்கான ஒளியாண்டு பின்னால் நிற்கிறது, நம் கண்ணுக்கு மட்டும் தோளோடு தோளாகத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அவரே மைதானத்துக் கம்பங்களைக் காட்டி விளக்கிய பாடம் அது. அவருக்கு அப்போது அழுகை வந்தது. நாற்பத்தேழு வயதில் வழிகாட்டி முன்னால் அழக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தார்.

அங்கே பார்த்தபடியே கேட்டார். "அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டா போதாதா மேடம்? மிச்சம் இருநூத்தி ஒன்பதும் சுத்தம்."

"சுத்தம்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேனே."

"நீங்க சொல்றத நான் நம்புறேன் சார். பேப்பரப் படிக்கிறவனுக்கு அத அனுப்ப முடியாது."

பதினாலு மாதம். கொழுந்து மனதுக்குள் கட்டங்களை எண்ணினார், விடுப்பில் மிச்சமிருந்த வாரங்களை எண்ணினார். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பட்டியல் போனால் ஆய்வேடு போகும், ஆசிரியர் அறையில் இன்னொரு முறை சிரிப்பார்கள். மகள் கேட்பாள். பகவதி கேட்கமாட்டாள், அது அதைவிடக் கஷ்டம்.

ஹெப்சிபா அவருக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். இதுவரை யாரும் தொடாத கட்டங்கள் இருக்கின்றன. ஜூனுக்குள் அறுபது முடிக்கலாம். அறுபதை வைத்து ஒரு ஆய்வேடு எழுதலாம், ஒல்லியாக இருக்கும். பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சம்மதமா என்று கேட்டார்.

கொழுந்து தலையாட்டினார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? ஒரு வருஷமா பார்க்காதவரு, அன்னைக்கு ஏன் பார்த்தீங்க?"

அவர் அதற்காகத்தான் காத்திருந்தவர் போல, தோள்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மகளுக்கும் அவருக்குமாக வாங்கிய அதே பை. நான் பார்த்தது தப்புதான், ஆனால் காரணமில்லாமல் பார்க்கவில்லை, என்னை அந்த நிலைக்குத் தள்ளினார்கள், வேண்டுமானால் படித்துப் பாருங்கள் என்றார். சொல்லும்போது குரலில் பழைய வாத்தியார் திரும்பியிருந்தார்.

ஹெப்சிபா முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவசரப்படவில்லை. திரை அணைந்ததைப் படித்தார். கதவு சாத்திய நாற்பது நிமிடத்தைப் படித்தார். கேன்டீன் சிரிப்பை, கடவுச்சொல்லை, தன் தலையசைப்பைப் படித்தார். எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு நிமிடம்கூட இருந்தது.

இதற்கு இப்படி, அதற்கு அப்படி என்று அவர் விளக்கம் சொல்வார் எனக் கொழுந்து எதிர்பார்த்தார். ஹெப்சிபா ஒன்றுக்கும் விளக்கம் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வரை வந்து, நோட்டை மூடாமல் விரித்தபடியே அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒண்ணுகூட நான் இட்டுக்கட்டல மேடம்" என்றார் கொழுந்து. "எல்லாம் கண்ணால பார்த்தது. தேதியோட இருக்கு."

ஹெப்சிபா செல்லோடேப் வளையத்தை எடுத்து நோட்டின்மேல் வைத்தார்.

"எண்ணுங்க சார்."